உழைப்பு வண்டியின் மறுவாழ்வு

பழைய மோட்டார் வண்டி என்றதும் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது செல்வர் ஏறிச் சென்ற நீண்ட கார்தான். துணி போர்த்திக் கொட்டகையில் வைத்துப் பேணப்பட்டதால் அஃது எஞ்சிற்று. எஞ்சியதால் அதற்குப் பெருமையும் வந்தது. ரொட்டியும் கடிதமும் இறைச்சியும் சுமந்து வீடுதோறும் நின்று சென்ற சிறிய வேன்களின் கதை வேறு. அவற்றைக் காக்க வேண்டும் என்று அவை ஓடிய காலத்தில் எவரும் எண்ணியதில்லை. தேயும்வரை ஓட்டினர், தேய்ந்தபின் பழைய இரும்புக்குப் போட்டனர். ஆதலால் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட வண்டியும் பின்னாளில் தேடித்தான் காண வேண்டிய பொருளாயிற்று. பிரிட்டனின் மோரிஸ் மைனர் வேன் இதற்கு நல்ல சான்று. அதனை வாங்கி, ஓட்டி, பழுது நீக்கி வருவோர் எதிர்கொள்ளும் வினாக்கள் வெறும் பட்டறை வினாக்கள் அல்ல. பழையதைக் காப்பது என்றால் எதைக் காப்பது என்னும் வினாவும் அவற்றுள் அடங்கியிருக்கிறது.

மோரிஸ் மைனர் காரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கண்டும் ஏறியும் பழகிய மூத்த வாசகர் பலர் இருப்பர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது முதலில் மக்கள்முன் வைக்கப்பட்டது. அதனை வரைந்தவர் சுமிர்னா நகரில் பிறந்த அலெக் இசிகோனிஸ். செய்து பார்த்த மாதிரி வண்டி அவருடைய கண்ணுக்குக் குறுகலாகப் பட்டதாம். உடனே அதனை நெடுக இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகன்றதும் இதுவே சரியான அளவு என்று நிறுத்தினார். மைனரின் முன்மூடியின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் ஆகும். நிறுவனத்தின் தலைவரான நஃபீல்டு பிரபுவுக்கோ அந்த உருண்டை வடிவம் பிடிக்கவில்லை; ஓடு நீக்கி வெந்நீரில் வேகவைத்த முட்டையைப் போலிருக்கிறது என்று அவர் இகழ்ந்ததாகச் சொல்வர். அந்த முட்டைதான் 1960ஆம் ஆண்டு டிசம்பரில் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் காராயிற்று.

வேன் 1953இல் வந்தது. முகத்தைப் பார்த்தால் கார். பின்புறம் பார்த்தால் இரட்டைக் கதவுள்ள இரும்புப் பெட்டி. ஆனால் உள்ளமைப்பில் இரண்டும் ஒன்றல்ல. மைனர் காருக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது. தரையும் பக்கமும் கூரையும் சேர்ந்த தகட்டுக் கூடே எடையைத் தாங்கும். சுமை ஏற்றும் வண்டிக்கு அது போதாது எனக் கருதி, வேனுக்கும் அதன் உடன்பிறப்பான திறந்த பின்புற வண்டிக்கும் நீளவாக்கில் தனி அடிச்சட்டம் அமைத்தனர். அதன்மேல் ஓட்டுநர் அறையும் பின்கூண்டும் மரையாணிகளால் பிணைக்கப்பட்டன. பின் அச்சைத் தாங்கும் பட்டை வில்கள் காரில் இருப்பவற்றினும் வலியவை. தொடக்கத்தில் அது சுமக்கக் குறித்த அளவு கால் டன், அதாவது 560 பவுண்டு. 1962இல் அது 6 ஹண்டிரட்வெயிட் ஆயிற்று; 1968இல் 8 ஹண்டிரட்வெயிட், அதாவது 896 பவுண்டு சுமக்கும் வகையும் வந்தது. எஞ்சினும் படிப்படியாக வளர்ந்தது. முதலில் 803 கன சென்டிமீட்டர், 1956 முதல் 948, 1962 முதல் 1098. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது வேனும் அதன் உடன்பிறப்பும் சேர்ந்து மூன்று இலட்சத்துக்கு மேல் வெளிவந்திருந்தன.

இத்தனை பேர் அதனை வாங்கியதற்கு உழைப்பு மட்டும் காரணமன்று. அக்காலப் பிரிட்டனில் புதிய காருக்குக் கொள்முதல் வரி உண்டு. சரக்கு வண்டிக்கு அது இல்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பக்கச் சன்னல் இல்லாதது சரக்கு வண்டி. எனவே கார் வாங்க வசதியில்லாத குடும்பத்தார் சிலர் வேனை வாங்கினர். பின்னால் மெத்தை போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கடற்கரைக்குச் சென்றனர். பக்கத் தகட்டை வெட்டிக் கண்ணாடி பதித்தாலோ வரி வந்து சேரும். சன்னல் ஒன்றில் வரி தங்கியிருந்த வேடிக்கை 1973இல் அந்த வரி எடுக்கப்படும் வரை நீடித்தது. இன்று பழைய வேன் ஒன்றைப் பார்த்து, இது தொழில் வண்டியா குடும்ப வண்டியா என்று உறுதியாகச் சொல்ல இயலாமல் போவதற்கும் இதுவே ஒரு காரணம்.

பெருங்கொள்முதல் செய்தது அஞ்சல் துறை. கடித வேன்கள் சிவப்பு. தொலைபேசிப் பொறியாளர்களின் வேன்கள் கரும்பச்சை, கூரைமேல் ஏணி. நெருக்கடியான தெருக்களில் நாளும் உரசிக்கொண்டு போகும் வண்டிக்குத் தகட்டு மட்கார்டு எதற்கு என்று எண்ணியோ என்னவோ, தொடக்க ஆண்டுகளில் அஞ்சல் வேன்களுக்கு ரப்பர் மட்கார்டுகளைப் பொருத்தினர். ரப்பரில் விளக்கைப் பதிக்க இயலாதாகையால் முன்விளக்குகள் மட்கார்டின் மேலே தவளைக் கண்கள்போல் துருத்தி நின்றன. அழகில்லைதான். ஆயினும் இடித்தால் நசுங்காது. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடும். தொழில் வண்டியின் இலக்கணம் அதுவன்றோ?

இனி, அத்தகைய வண்டி எவ்வாறு அழிகிறது என்பதை நோக்குவோம். எஞ்சின் தேய்ந்து அழிந்த மைனர் வேன்கள் மிகச் சில. அந்த எஞ்சின் எளியது. கைப்பழக்கமுள்ள எவரும் பிரித்துக் கோக்கலாம். பல்வேறு கார்களில் பயன்பட்டதாதலால் உதிரிப் பாகத்துக்கும் குறைவில்லை. அழித்தது துரு. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். அந்நீரில் உப்புக் கலந்தால் மின்னோட்டம் எளிதில் செல்லும். துருவின் வேகம் பன்மடங்காகும். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாதிருக்க உப்பைத் தூவுவர். சக்கரங்கள் அந்த உப்புச் சேற்றை வாரி அடியில் அடிக்கும். அடிச்சட்டமோ நான்கு பக்கமும் மூடிய குழாய் போன்றது. வெளிப்புறம் வண்ணம் உண்டு. உட்புறம் ஏறத்தாழ வெறும் இரும்பு. உள்ளே புகுந்த சேறு வெளியேற வழியின்றித் தங்கி, கோடையிலும் ஈரம் காத்து, அடுத்த குளிர்காலத்துக்குள் தகட்டைத் தின்னும். பின்வில்லைத் தாங்கும் கொண்டிகள் பொருத்தப்பட்ட இடம், ஓட்டுநர் காலடியில் உள்ள குறுக்குச் சட்டம், கதவுகளின் அடி விளிம்பு ஆகியவை முதலில் போகும் உறுப்புகள். மேலே வண்ணம் பளபளக்க, கீழே சுத்தியலால் தட்டினால் திருகாணி முனை உள்ளே இறங்கும். ஆகவே வாங்கப் போகிறவர் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் தரையில் படுத்து அடியைப் பார்க்க வேண்டும் என்பது பழகியோர் அனைவரும் கூறும் முதல் அறிவுரை. விளக்கும் திருகாணி முடுக்கியும் எடுத்துச் செல்ல விற்பவர் மறுத்தால் வீடு திரும்புவதே நன்று.

மறுசீரமைப்பு என்பது பெரும்பாலும் இந்தத் துருவோடு நடத்தும் போர்தான். இதில் ஒட்டுப் போடுதல் என்பது ஒரு பெருந்தவறு. துருப்பிடித்த தகட்டின்மேல் புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்தால், இரண்டுக்கும் இடையே நீர் தங்கப் புதியதொரு பொந்து உண்டாகும். இரண்டே குளிர்காலத்தில் பழைய நிலை. முறையாகச் செய்வோர், பளிச்சென்ற நல்ல இரும்பு தென்படும் இடம் வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை அளந்து பொருத்தி, விளிம்பு முழுவதும் இடைவிடாமல் பற்றவைப்பர். அடிச்சட்டத்தை வெட்டுவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இரு பக்கங்களையும் ஒருங்கே வெட்டக் கூடாது. ஒரு பக்கம் முடிந்து ஆறிய பின்னரே மறுபக்கம். அதற்கு முன்பே மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துக் குறித்து வைக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒத்திருந்தால் சட்டம் செவ்வகம், ஒவ்வாவிட்டால் இணைகரம். வடிவியல் பாடத்தில் மாணவர் சலிப்போடு எழுதும் அந்த உண்மைதான் இங்கே வண்டி நேராக ஓடுமா, நண்டுபோல் ஓடுமா என்பதைத் தீர்க்கிறது. எல்லாம் முடிந்ததும் சட்டத்தின் உட்புறத்தில் நீண்ட குழல் வழியாக மெழுகுக் கலவையைப் பீச்சி அடிப்பர். தொழிற்சாலை அன்று செய்யாமல் விட்டது அந்த ஒரு வேலை.

பிரேக்கு வேலையும் பொறுமையைச் சோதிக்கும். மிதியிலிருந்து பிரேக்கு எண்ணெயை அழுத்தும் தலைமை உருளை, ஓட்டுநர் காலடியில் நீளவாக்குச் சட்டத்துக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மரையாணியை வெளியே இழுக்க முயன்றால் முன்சக்கரத் தொங்கலின் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். ஒரு சிறு உருளையை மாற்ற ஒரு பெருந்தண்டை விலக்க வேண்டிய நிலை! இசிகோனிஸின் அறிவுக் கூர்மையை வியப்போர் இந்த வேலையின்போது மட்டும் சற்று மௌனமாகிவிடுவது இயல்பே.

இவ்வாறு தரை மாறிற்று, கதவு மாறிற்று, மட்கார்டு மாறிற்று, எஞ்சினும் வேறு வண்டியிலிருந்து வந்தது என்றால், மிஞ்சியது பழைய வேன்தானா? பிரிட்டனின் வண்டிப் பதிவு அலுவலகம், பெரிதும் மாற்றப்பட்ட வண்டிகள் பழைய பதிவு எண்ணைத் தொடர்ந்து வைத்திருக்கலாமா என்பதைத் தீர்க்க நெடுங்காலம் மதிப்பெண் முறையொன்றைக் கையாண்டது. அடிச்சட்டத்துக்கு 5, தொங்கல், அச்சு, பல்சக்கரப் பெட்டி, திருப்பும் அமைப்பு ஆகியவற்றுக்குத் தலைக்கு 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 14; தேர்ச்சிக்கு 8. வண்டியின் உயிர் என்று மக்கள் கருதும் எஞ்சினுக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் என்பது கருதத்தக்கது. எஞ்சின் தேயும், மாற்றப்படும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. உருவைத் தாங்கும் எலும்புக்கூட்டையே அடையாளமாகக் கொண்டது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் இவ்விதிகள் தளர்த்தப்பட்டன. பழைய அமைப்பிலேயே, தோற்றம் மாறாமல் செப்பனிடப்படும் வண்டி தன் எண்ணை இழக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

சட்டம் நிறைவடைந்தாலும் மனம் நிறைவடைவதில்லை. தமிழாசிரியர்க்கு இவ்வினா புதிதன்று; ஏடு பதிப்பித்தோர் எதிர்கொண்டதும் இதுவே. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பாடல் இயற்ற வல்ல அவர் அவ்விடத்தைத் தம் பாட்டால் நிரப்பவில்லை. இல்லாததை இல்லாததாகவே விட்டார். வேனைச் சீரமைப்பவர்க்கு அந்த உரிமை முழுவதும் இல்லை. நூலில் உள்ள வெற்றிடம் எவரையும் வீழ்த்தாது. அடிச்சட்டத்தில் உள்ள வெற்றிடம் ஓட்டுபவரையும் எதிரே வருபவரையும் கொல்லும். ஆகவே நிரப்பித்தான் ஆகவேண்டும். ஆனால் எதை நிரப்பினோம் என்பதை எழுதி வைக்கலாம் அன்றோ? வெட்டுவதற்கு முன் படம் எடுத்து, நாள் குறித்து, எந்தத் தகடு பழையது, எது புதியது என்று ஒரு குறிப்பேட்டில் பதிவோர் இருக்கின்றனர். அத்தகைய குறிப்பேட்டோடு வரும் வண்டி, குறிப்பில்லாத பளபளப்பு வண்டியினும் நம்பத்தக்கது.

இவ்வகையில் மிக எளிதாக நேரும் பொய், பக்கத்தில் எழுதும் பெயரே. அக்கால வேனின் பக்கத் தகடு கடைக்காரரின் நடமாடும் பெயர்ப் பலகை. ஓவியர் தூரிகை கொண்டு கையாலேயே எழுதினார். வண்டி கைமாறும்போது புதிய உரிமையாளர் அதன்மேல் வண்ணம் பூசிவிடுவார். பிற்காலத்தில் சீரமைப்பவர் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கையில், அடுக்கடுக்கான வண்ணங்களின் கீழிருந்து மறைந்துபோன கடையொன்றின் பெயர் எழுத்தெழுத்தாக வெளிப்படுவதுண்டு. அந்த வேளையில் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு நாழிகை தேய்த்தால் பெயர் தூளாகிப் போகும், மீளாது. அப்பெயரைக் காத்து, மங்கிய நிலையிலேயே விட்டு வைப்பது ஒரு முறை. அச்செடுத்து அதே எழுத்து வடிவில் மீண்டும் எழுதுவது மற்றொரு முறை. இரண்டும் நேர்மையானவை. ஒருநாளும் கடிதம் சுமக்காத வேனுக்குச் சிவப்புப் பூசி, அரச முடிச்சின்னம் எழுதி, அஞ்சல் வேன் என்று காட்டுவது அவ்வாறன்று. காண்பவர்க்கு மகிழ்ச்சிதான். ஆனால் இத்தகைய வேன்கள் பெருகப் பெருக, உண்மையாகவே அஞ்சல் துறையில் உழைத்து எஞ்சியவற்றைப் பிரித்தறிவது அரிதாகிறது. வேடமிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் குற்றமில்லை.

சீரமைப்பது ஒரு பொழுதுபோக்கு என்று மட்டும் கருதாமல், அதனைப் பொருளியல் கொள்கையாகவே எடுத்துரைத்த ஒருவரும் உண்டு. 1976இல் பாத் நகரில் மைனர் வண்டிகளுக்கென நிலையம் தொடங்கிய சார்லஸ் வேர், 1982இல் நீடித்த கார் உடைமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். புதிய கார் வாங்கியவர் அது நின்றாலும் ஓடினாலும் ஆண்டுதோறும் மதிப்பை இழக்கிறார். அந்த இழப்பில் ஒரு பங்கைப் பழைய வண்டியின் பராமரிப்புக்குச் செலவிட்டால் வண்டி முடிவின்றி ஓடும் என்பது அவருடைய வாதம். இதற்கு வேண்டியது தடையின்றிக் கிடைக்கும் தகட்டுப் பாகம். அதனை அவர் கண்ட இடம் இலங்கை. புதிய வண்டிகள் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த அந்நாட்டில், பழைய மைனர்களைப் பல்லாண்டு ஓட வைக்கும் கைத்திறன் தழைத்திருந்தது. 1990ஆம் ஆண்டுகளில் அங்கே ஒரு கூட்டு நிறுவனம் அமைந்து மைனரின் தரைத் தகடு, மட்கார்டு முதலியவற்றைச் செய்து பிரிட்டனுக்கு அனுப்பியது. ஒரு காலத்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள கௌலியிலிருந்து கப்பலேறிய வண்டிக்கு உறுப்புத் தகடு எதிர்த்திசையில் கப்பலேறியது! தேய்ந்த பொருளைத் தேயவிடாது காக்கும் அறிவு, செய்தவரிடமன்றிப் பயன்படுத்தியவரிடமே தங்கியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

வேரின் கணக்கில் ஒரு குறை உண்டு. பட்டறைக் கூலி ஏற ஏற அக்கணக்கு இறுகும். தம் கையால் வேலை செய்பவர்க்கே அது முழுதும் பொருந்தும். அவருக்கும் சோம்பல் ஆகாது. முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் மரைமூட்டுகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்ற வேண்டும். தவறினால் மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடிந்து படுத்துவிடும். 2018ஆம் ஆண்டு மே 20 முதல், பெரிதும் மாற்றப்படாத நாற்பதாண்டுப் பழமையுள்ள வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்று பிரிட்டன் விலக்கு அளித்தது. ஆயினும் விவரமறிந்தோர் தாமாகவே சோதனைக்குக் கொண்டு செல்கின்றனர். தேர்வு இல்லை என்றதும் புத்தகத்தை மூடுகிறவன் எத்தகைய மாணவன் என்பதை ஆசிரியர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அந்த ஈயமே பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைத் தேயாது காத்து வந்தது. ஆதலால் கடின இருக்கைகளைப் பதித்துக்கொள்வது வழக்கமாயிற்று. 2021 செப்டம்பரில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவழக்காயிற்று. பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிக்கும். இவ்விரண்டையும் கவனித்துக்கொண்டால் வேன் நாள்தோறும் ஓடத் தடையில்லை. வேகமாக ஓடாது, நான்கு சக்கரங்களிலும் உருளைப் பிரேக்குகளே ஆதலால் முன்செல்லும் புதிய வண்டிக்கு நெருங்கிப் போகக் கூடாது. சுமையின்றி ஓட்டினால் பின்புறம் துள்ளும். அரை மூட்டை மணல் போட்டால் அடங்கும். சுமக்கப் பிறந்த வண்டிக்குச் சுமையே அமைதி தருகிறது.

ஆயின் சுமக்க வைப்பதில்தான் ஒரு சிக்கல். நாற்பதாண்டு கடந்த வண்டிக்குப் பிரிட்டனில் ஆண்டு வரி விலக்கு உண்டு. வாணிகத்துக்குப் பயன்படுத்தினால் அவ்விலக்கு இல்லை. கண்காட்சித் திடலில் வெறுமையாக நிற்கும் ரொட்டி வேன் வரி கட்ட வேண்டியதில்லை. ரொட்டி ஏற்றிச் சென்றால் கட்ட வேண்டும். எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அதனைச் செய்யாதிருப்பதற்கே சலுகை. வரி போடுவோர் நோக்கில் இதற்கு நியாயம் இருக்கலாம். எனினும் சிறு கடைக்காரர் சிலர் அச்சலுகையை வேண்டாமென்று விட்டுவிட்டு, பக்கத் தகட்டில் தம் கடையின் சொந்தப் பெயரையே தூரிகையால் எழுதுவித்து, வரியும் கட்டி, விடியற்காலையில் பின்கதவைத் திறந்து தட்டுகளை ஏற்றி மைனர் வேனைத் தெருவில் இறக்கத்தான் செய்கின்றனர்.